உள் தையல்

செப்டம்பர் 20, சனி

நூல் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இதுவரை இதில் ஜாக்கெட்டுக்குக் கழுத்து டிசைன்தான் வரைந்திருக்கிறேன். இன்றிலிருந்து எழுதப்போகிறேன். கந்தசஷ்டி வரைக்கும் ஒரு விரதத்தையும் விடக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். எழுதி வைத்தால் மனசு இடறாது.

இன்று புரட்டாசிச் சனிக்கிழமை. எல்லோரும் ஒருபொழுது சாப்பிடுவார்கள். நான் அதையும் தள்ளிவிட்டு எலுமிச்சைச் சாறோடு நிறுத்திக்கொண்டேன். தலை லேசாகச் சுற்றியது, தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு மதினி, என் வீட்டுக்காரரின் அக்கா செல்லத்தாய், தெருவில் நின்று எதிர்வீட்டுக்காரியிடம் முழங்கிக்கொண்டிருந்தார். "எங்க பகவதி மாதிரி விரதம் இருக்க பாளையங்கோட்டையிலயே ஆள் கெடையாது பாத்துக்க. வெள்ளி, சனி, கிருத்திகை, சஷ்டி, ஒண்ணு விட மாட்டா. எந்தம்பிக்கு ஒரு புள்ளையக் குடுக்க அந்த முருகனுக்குத்தான் இன்னும் கண்ணு தொறக்கல."

முன்னறையில் இருக்கும் என் தையல் கடையின் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது கேட்க.

செப்டம்பர் 23, செவ்வாய்

மதினி பருப்புக் குழம்பும் அப்பளமும் கொண்டுவந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. பல் தேய்த்துவிட்டு வந்து தைத்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்று இவருக்கு ஓய்வு. டவுன் பஸ் ஓட்டுகிறவர், வீட்டில் இருந்தால் கடைக்குப் போய் வருவார். பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், "வீட்ல இருக்கது ரெண்டே பேரு. பேஸ்ட்டு மட்டும் பெரிய குடும்பத்துக்கு வாங்குத மாதிரில்லா வாங்க வேண்டியிருக்கு."

"சுத்தமா இருக்கது ஒரு குத்தமாங்க?" என்றேன். நம்பிராஜன் என்று பெயர் வைத்ததாலோ என்னவோ, சொன்னதையெல்லாம் நம்பிவிடுவார். மேலே கேட்கவில்லை.

மத்தியானம் மதினி வீட்டில் காய்கறிப் பிரியாணி. ஒத்துக்கொள்ளவில்லை. பல் தேய்த்தேன்.

கடைக் கண்ணாடியில் பார்த்தால் முகம் மட்டும் ஊதிக்கொண்டே போகிறது. காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் உருண்டையாக நிற்கிறது. இத்தனை விரதம் இருந்தும் முகத்தில் சதை போடுகிறதென்றால் என்ன உடம்பு இது? செவ்வாய்க்கிழமையையும் சேர்த்துவிட வேண்டியதுதான்.

அக்டோபர் 4, சனி

சுபாஷினி என்று ஒரு பெண் முகூர்த்த ஜாக்கெட் கொடுக்க வந்தாள். தை மாதம் கல்யாணம்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அளவை நான் வாய்விட்டுச் சொல்ல மாட்டேன். டேப்பைப் பிடித்துப் பார்த்து நானே எழுதிக்கொள்வேன். எழுதி முடித்ததும் அந்தப் பெண் சொன்னாள், "இந்த அளவுக்கு வேண்டாம்க்கா. இன்னும் நல்லாப் புடிச்சுத் தைங்க. கல்யாணத்துக்குள்ள நா எளச்சிருவேன்."

"எளைக்காட்டி?"

"எளச்சே ஆகணும்க்கா. இந்த ஜாக்கெட்டு எனக்குப் பத்தணும். அதுக்குத்தான சின்னதாத் தைக்கச் சொல்லுதேன்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க எப்படிக்கா இப்படி இருக்கீங்க? என்ன சாப்பிடுவீங்க?"

"விரதம்" என்றேன். அவள் அதை மனசுக்குள் குறித்துக்கொண்டது முகத்திலேயே தெரிந்தது.

அக்டோபர் 9, வியாழன்

தீபாவளித் துணி மலையாகக் குவிந்து கிடக்கிறது. கத்திரிக்கோல் மடியிலேயே இருந்தாலும் தையல்காரிக்குப் பல்தான் முந்தும். நூலைக் கடித்தேன். நூல் அறவில்லை, முன்பல்லின் ஓரம் உடைந்து நாக்கில் விழுந்தது.

கையில் வைத்துப் பார்த்தேன். காகிதம் மாதிரி மெலிந்திருந்தது. அது என் பல் என்றே தோன்றவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

பல் டாக்டர் பியூலா எனக்குப் பல வருஷ வாடிக்கை. அவருக்கு நான் ஜாக்கெட் தைக்கிறேன், அவர் எனக்குப் பல் அடைக்கிறார். உடைந்த முனையைச் சமன் செய்துவிட்டு அனுப்புவார் என்று போனேன். அவர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, பல்லின் பின்பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை தேய்க்கீங்க?"

"நாலஞ்சு தடவை" என்றேன். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"சாப்பிட்டு ஒடனேயா?"

"ஆமா."

"முன்பல்லு உள்பக்கம் பூராவும் கரைஞ்சிருக்கு, பகவதி. வெளிய நின்னு பாக்கவங்களுக்குத் தெரியாது. கடவாப்பல்லுல நா முன்னாடி வச்ச அடைப்பு அப்படியே நிக்குது, சுத்தி இருந்த பல்லுதான் எறங்கிப்போச்சு."

எலுமிச்சைச் சாறு குடிப்பேன் என்றேன். அதுவும் ஒரு காரணம்தான், ஆனால் உள்பக்கம் மட்டும் இந்த மாதிரிக் கரைய அது போதாது என்றார். பிறகு உதவிக்கு நின்ற பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என் அளவு உங்ககிட்ட இருக்கே, யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"செத்தாலும் சொல்ல மாட்டேன் டாக்டரம்மா."

"இந்த வாயில நா பாக்கதும் அப்படித்தான். வயித்துல இருந்து மேல வார ஆசிட்டு பல்லை ஊற வச்சிரும். ஊறின பல்லு மேல ஒடனே பிரஷ்ஷப் போட்டா நம்ம பல்ல நாமளே சீவி எடுக்க மாதிரி. காதுக்குக் கீழ வீங்கியிருக்கே, அது சதை இல்ல. எச்சில் சுரப்பி. வாந்தி எடுக்கீங்களா?"

கடையில் கூட்டம் காத்திருக்கிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன். தற்காலிகமாக ஏதோ பூசி அனுப்பினார். டாக்டர்களுக்கு எதைப் பார்த்தாலும் வியாதி. எனக்கு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 11, சனி

தைத்தேன். வேறு எழுதுவதற்கில்லை.

அக்டோபர் 15, புதன்

பாத்ரூம் கதவைத் திறந்தால் வெளியே மதினி நிற்கிறார்.

"ஏட்டி, வாந்தியா?"

வாயைத் துடைத்துக்கொண்டேன். மதினியின் குரல் இறங்கிப்போயிற்று. "நாள் தள்ளிப்போயிருக்காட்டி?"

தள்ளித்தான் போயிருக்கிறது, ஆடி மாதத்திலிருந்தே. மெஷினை மிதித்து மிதித்து உடம்பு அசந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். "ஆமா மதினி, மூணு மாசமா" என்றேன். அது பொய் இல்லை.

மதினி அப்படியே என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். "கன்னம் உப்பிருக்கப்பவே நெனச்சேன். முருகா, முருகா" என்று வாசலுக்கு ஓடினார்.

இவர் டூட்டி முடிந்து மாதுளம்பழத்தோடு வந்தார். பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கல்யாணமாகி இந்த ஒன்பது வருஷத்தில் இவரை இப்படி நான் பார்த்ததில்லை.

இவரிடம் நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே வெடிச்சத்தம்.

சனிக்கிழமை மெஷினில் இருக்கும்போது கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. நெஞ்சு படபடவென்று அடித்து, நடுவில் நின்று, மறுபடி அடித்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது இவர் தோளும் ஆட்டோவின் குலுக்கலும்தான்.

ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயரை ஒட்டினார்கள். டாக்டர் இவரையும் வைத்துக்கொண்டே சொன்னார்: கர்ப்பம் இல்லை. பொட்டாசியம் மிகவும் குறைந்திருக்கிறது, இதயத்தின் தாளமே தப்பியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் போயிருந்தால் நின்றே போயிருக்கலாம். உயிரைப் பிடித்து வைக்கவே சாப்பாடு காணாத உடம்பு, மாதாமாதம் வருவதை நிறுத்தி வைத்திருக்கிறது. பிள்ளை வேண்டுமென்று பட்டினி கிடந்து, பிள்ளை உண்டாகும் வழியைத்தான் நான் அடைத்திருக்கிறேன்.

"சாப்பிட்டதை வாந்தி எடுக்கீங்களாம்மா?" என்று கேட்டார். நான் சுவரைப் பார்த்தேன். இவர்தான் பதில் சொன்னார்.

"சாப்பிட்டு முடிச்சதும் உள்ள போயிக் கொழாயத் தொறந்து விடுவா டாக்டர். தண்ணிச் சத்தம் ரொம்ப நேரம் கேக்கும். ஏதோ சரியில்லன்னு தெரியும். என்னன்னு கேக்கத்தான் எனக்குத் தெரியல."

அதைக் கேட்டு எனக்கு அழுகையாக வந்தது. என்னை நம்பினார் என்று கேலி செய்துகொண்டிருந்தேன். அவர் நம்பவில்லை, பயந்திருக்கிறார்.

பியூலா டாக்டர் வந்தார். "என் ஜாக்கெட்டு என்னாச்சுன்னு பாக்க வந்தேன்" என்று சிரித்தார். அது கொக்கி இல்லாமல் கிடக்கிறது. மதினி கடையைத் திறந்து, வந்தவர்களுக்கெல்லாம் அரைகுறையாக இருந்ததைத் தூக்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாராம். பாதி ஊர் இன்று ஊக்குக் குத்திக்கொண்டு தீபாவளி கொண்டாடுகிறது.

பியூலா டாக்டரிடம்தான் முதலில் வாய் திறந்தேன். தையல் பழகப் போன இடத்தில் மாஸ்டர் அளவெடுத்துக் காட்ட என்னை எழுப்பி நிறுத்தினார். டேப்பைச் சுற்றி, என் இடுப்பளவைக் கூவினார். "ரெண்டு பேருக்கு வேண்டிய துணி" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதினெட்டு வயது. அன்று ராத்திரி சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டாலும் அது உள்ளே தங்கக்கூடாது என்று ஆயிற்று.

வாந்தி. நானாக எடுத்தது. எழுதிவிட்டேன்.

"பல்லை நா இப்பக் கட்ட மாட்டேன்" என்றார் டாக்டர். "பல்லு மேல கேப்பு போட்டாலும் ஆசிட்டு வந்துகிட்டே இருந்தா ஓரத்துல பல்லு கரைஞ்சு கேப்பு கழண்டுரும். மொதல்ல இது நிக்கணும். அதுக்கு மனநல டாக்டரு ஒருத்தர் இருக்காரு, நல்ல மனுசன்."

"எனக்கென்ன பைத்தியமா?"

"நெஞ்சுக்கு ஒரு டாக்டரு, பல்லுக்கு ஒரு டாக்டரு பாக்கீங்க. இதுக்கும் ஒரு டாக்டரு. அம்புட்டுதான்."

யோசித்துப் பார்த்தேன். நான் பிடிவாதக்காரி. இத்தனை வருஷம் பட்டினி கிடந்தது என் பிடிவாதம்தான். அதே பிடிவாதத்தால் சாப்பிடவும் முடிய வேண்டும். சாக மாட்டேன். இவரை அந்தக் குழாய்ச் சத்தத்தோடு விட்டுவிட்டுப் போக மாட்டேன்.

அக்டோபர் 22, புதன்

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்று சஷ்டி ஆரம்பம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு என்னோடு பேசாமல் இருந்த மதினி காலையில் வந்து நின்றார்.

"காப்புக் கட்டலையா?"

"இந்த வருசம் விரதம் கெடையாது மதினி. இனிமே எந்த விரதமும் கெடையாது."

"ஊரு பூரா சொல்லிட்டேனட்டி, புள்ள உண்டாயிருக்கான்னு. எம் மூஞ்சிய எங்க கொண்டு வைப்பேன்?" என்று கத்தினார். கத்தி முடிக்கட்டும் என்று காத்திருந்து, உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மாஸ்டர், குழாய், பல், நெஞ்சு.

"முருகன் ஒங்கிட்ட புள்ளைக்குப் பதிலாப் பல்லயா கேட்டான்?" என்றார் மதினி. பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தார். "சரி. நேந்தது நேந்ததுதான், அத விடக் கூடாது. ஒனக்குப் பதிலா நா இருக்கேன். நீ தின்னு."

ஒரு வேளைக் காப்பி தாமதமானால் தெருவையே இரண்டாக்குகிற மதினி இதைச் சொல்கிறார்.

அக்டோபர் 24, வெள்ளி

எனக்குப் பதிலாக விரதம் இருக்கிறவர் தன் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று தீபாவளி முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்துவிட்டேன். "அவன் கோவிச்சுக்கிட மாட்டான்ட்டி" என்றார் வாய் நிறைய முறுக்கோடு. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உடைந்த பல் தெரியச் சிரித்தேன்.

இரண்டு பேரும் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம்.

நவம்பர் 6, வியாழன்

மனநல டாக்டர் அதிகம் பேசாதவர். மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். சாப்பிட்ட பிறகு தனியாக இருக்கக் கூடாது, யாரோடாவது உட்கார்ந்திருக்க வேண்டும். கேட்க லேசாகத்தான் இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் உடம்பு முழுக்க எறும்பு ஊர்கிற மாதிரி, எழுந்து போ, எழுந்து போ என்கிறது.

காவலுக்கு மதினி. டிவி சீரியல் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்கிறார். வில்லி யார், வில்லியின் அம்மா யார் என்று எல்லாம் தெரிந்துவிட்டது எனக்கு. இதைவிடப் பெரிய தண்டனையை டாக்டரால் எழுதிக் கொடுக்க முடியாது.

நவம்பர் 14, வெள்ளி

இன்று மதினி சந்தைக்குப் போயிருந்தார். முடியவில்லை. வாந்தி எடுத்தேன்.

பல் தேய்க்கவில்லை. பியூலா டாக்டர் சொன்னபடி சோடா உப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொப்பளித்தேன். இவர் வந்ததும் சொன்னேன். "சொல்லிட்டேல்லா, அது போதும்" என்று மட்டும் சொல்லி, தட்டை எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ராத்திரிச் சாப்பாடு தங்கியது.

நாளைக்கும் சாப்பிடுவேன்.

டிசம்பர் 12, வெள்ளி

வெள்ளிக்கிழமை. வயிறு நிறையச் சாப்பிட்டேன். சாமி கண்ணைக் குத்தவில்லை.

காதுக்குக் கீழே இருந்த உருண்டை வற்றிவருகிறது. பட்டினி கிடந்தபோது ஊதிய முகம், சாப்பிட ஆரம்பித்ததும் இறங்குகிறது. இது தெரியாமல் எத்தனை செவ்வாய்க்கிழமையை வீணாக்கினேன்! நெஞ்சிலும் தாளம் சரியாக இருக்கிறதாம். தலைமுடிதான் இன்னும் சீப்போடு வருகிறது. ஆனால் இடுப்பில் பாவாடை நாடா இறுகுவதை உணரும்போதெல்லாம் பயம் பிடித்துக்கொள்கிறது. அதையும் எழுதிவிட வேண்டும். பயம் போகவில்லை. பயத்தோடுதான் சாப்பிடுகிறேன்.

டிசம்பர் 29, திங்கள்

காலையில் மாதவிலக்கு. ஐந்து மாதத்துக்குப் பிறகு.

இந்த வீட்டில் இது வந்தால் மதினி முகம் சுண்டிவிடும், இவர் சீக்கிரமே டூட்டிக்குக் கிளம்பிவிடுவார். இன்று மதினி கருப்பட்டி போட்டு உளுந்தங்களி கிண்டிக்கொண்டு ஓடிவந்தார். வாசலில் நின்று எதிர்வீட்டுக்காரியிடம் சொல்லப் போனவரை நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். இதற்குச் சந்தோஷப்பட்டு இந்த வீட்டில் யாரும் களி கிண்டியதில்லை.

ஜனவரி 7, புதன்

பியூலா டாக்டர் முன்பல் வேலையை ஆரம்பித்துவிட்டார். "இனிமே தாங்கும்" என்றார். "ஆனா நூலைக் கடிச்சீங்கன்னா நானே கட்டினத நானே புடுங்கிருவேன்."

ஜனவரி 12, திங்கள்

சுபாஷினி ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்க வந்தாள். கண் உள்ளே போயிருந்தது. பேசும்போது வாயை மறைத்துக்கொண்டாள். மத்தியானம் மூன்று மணிக்கு அவளிடம் புதுப் பேஸ்ட் வாசனை அடித்தது. அந்த வாசனை எனக்குத் தெரியாதா?

ஜாக்கெட்டை எடுத்து நீட்டினேன். போட்டுக்கொண்டு வந்தவள் முகம் சிவந்துவிட்டது. "தொளதொளன்னு இருக்குக்கா! சின்னதாத் தைக்கச் சொன்னேன்லா?"

"நா ஒன்னய அளந்த அளவுக்குத்தான் தைச்சேன். உள்ள துணியும் விட்டிருக்கேன். வேணும்னா கூட்டித் தாரேன், கொறைக்க மாட்டேன்."

"காசு குடுக்கது நானு!"

"காசு வேண்டாம். நீ உக்காரு."

கதவைச் சாத்தினேன். பியூலா டாக்டரின் வேலை பாதியில்தான் நிற்கிறது, இரண்டு பல் இன்னும் பழையபடி இருக்கிறது. அவள் முன்னால் குனிந்து வாயைத் திறந்து, மேல் உதட்டைத் தூக்கி, சின்னக் கைக்கண்ணாடியைப் பிடித்து உள்பக்கத்தைக் காட்டினேன். என் வீட்டுக்காரருக்குக்கூட அப்படிக் காட்டியதில்லை.

"இது விரதம் இல்லம்மா. அன்னைக்கு ஒங்கிட்ட நா சொன்னது பொய்."

வாயை மறைத்திருந்த அவள் கை மெல்ல இறங்கியது. "எனக்கும் பல்லு கூசுதுக்கா. பச்சத்தண்ணி குடிக்க முடியல" என்றாள். பியூலா டாக்டரின் போன் நம்பரைக் கொடுத்தேன். அவள் அம்மாவிடம் சொல்லலாமா என்று கேட்டேன். தானே சொல்கிறேன் என்றாள். நான் விடவில்லை. என் கடையிலேயே உட்கார வைத்து, அம்மாவை வரவழைத்துச் சொல்ல வைத்துத்தான் அனுப்பினேன்.

ஜனவரி 26, திங்கள்

சுபாஷினி கல்யாணத்துக்கு என் அரக்குப் பட்டு ஜாக்கெட்டை எடுத்தேன். கை ஏறவில்லை. பழைய யோசனை ஒரு நிமிஷத்தில் முழுதாகத் திரும்பி வந்தது: இரண்டு நாள் இருக்கிறது, பட்டினி கிடந்தால் ஏறிவிடும்.

ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பினேன். என் கல்யாணத்துக்கு நானே தைத்தது. பக்கவாட்டில் வரிசை வரிசையாகத் தையல். ஒவ்வொரு வருஷமும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பிடித்துக்கொண்டே போயிருக்கிறேன். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் துணி கூடுதலாக விட்டுத் தைக்கிற நான், எனக்கு விட்ட துணியை நானே தைத்து அடைத்திருக்கிறேன்.

தையலைப் பிரிக்கப் பல் தானாக முன்னால் போனது. நிறுத்தி, கத்திரிக்கோலை எடுத்தேன். கடைசி வரிசையைப் பிரித்தேன். போட்டுப் பார்த்தேன், பத்தவில்லை. அதற்கு முந்தினதையும் பிரித்தேன். கை ஏறியது. கொக்கி விழுந்தது. மூச்சும் விட முடிந்தது.

ஜனவரி 28, புதன்

கல்யாணம். சுபாஷினிக்கு ஜாக்கெட் இப்போது அவ்வளவு தொளதொளக்கவில்லை. கொஞ்சம் தெளிந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் பல் தெரியச் சிரித்தாள்.

பந்தியில் இவர் ஒரு பக்கம், மதினி ஒரு பக்கம். சாம்பார், அவியல், பருப்புப் பாயசம் எல்லாம் சாப்பிட்டேன். பாயசத்தை மறுபடி கேட்டும் வாங்கினேன். சாப்பிட்டதும் வழக்கம்போல எறும்பு ஊர ஆரம்பித்தது. கை கழுவ எழுந்தேன். குழாய்க்குப் பக்கத்திலேயே பாத்ரூம் கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாருமில்லை.

இவர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வரவில்லை, கூப்பிடவில்லை.

கை கழுவினேன். வாய் கொப்பளித்தேன். குழாயை இறுக்கி அடைத்துவிட்டு வந்து இவர் பக்கத்தில் உட்கார்ந்து, "மதினி, நேத்து அந்த வில்லிக்கு என்னாச்சு?" என்று கேட்டேன்.